கண்ணாடியில் மறையுரை எழுதிய சகோதரர்: அருளாளர் உல்ம் நகர யாக்கோபு (1407 – 1491)



பழைய பெரிய ஆலயம் ஒன்றினுள் நுழைந்தவுடன் நம் கண்கள் முதலில் பீடத்தைத் தேடுகின்றன. அடுத்த நொடியில் பீடத்திற்குப் பின்னாலும் பக்கச் சுவர்களிலும் ஒளிரும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் போய் நிற்கின்றன. நம் மக்கள் 'கலர் கண்ணாடி ஜன்னல்' என்று சொல்லும் இந்தச் சன்னல்களைச் செய்தவர்கள் யார்? பெரும்பாலும் தெரியாது. ஆலயத்தைக் கட்டிய ஆயரின் பெயர் கல்வெட்டில் இருக்கும். சன்னலுக்குப் பணம் கொடுத்த குடும்பத்தின் பெயர் கண்ணாடியின் அடியிலேயே இருக்கும். கண்ணாடியை வெட்டி, தீட்டி, சுட்டு, ஈயத்தில் கோத்தவரின் பெயர் இருப்பது மிக அரிது. பிரான்சின் ரூவான் பேராலயத்தில் உள்ள யோசேப்பு வரலாற்றுச் சன்னலில் 'சார்த்ர் நகரக் கிளமெந்து' என்ற கலைஞரின் பெயர் காணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டின் அந்த ஒரு கையெழுத்தை அறிஞர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். அவ்வளவு அபூர்வம்!

இப்படிப் பெயர் தெரியாமல் மறைந்த ஆயிரக்கணக்கான கைவினைஞர்களுள் ஒருவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. அவர்தான் அருளாளர் யாக்கோபு கிரீசிங்கர். ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்து இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் வாழ்ந்து இறந்த தொமினிக்கன் சபைச் சகோதரர். கண்ணாடி ஓவியர்களின் பாதுகாவலர். அவருடைய வாழ்வையும் பணியையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

யாக்கோபு 1407ஆம் ஆண்டு, தான்யூப் நதிக்கரையில் உள்ள உல்ம் நகரில் பிறந்தார். வணிகத்தில் செழித்த நகரம் அது. அவர் பிறப்பதற்கு 30 ஆண்டுகளுக்கு முன், 1377இல், அந்நகர மக்கள் ஒரு மாபெரும் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். யாக்கோபின் இளமைக் காலம் முழுவதும் அந்த ஆலயப் பணி நடந்துகொண்டே இருந்தது. கல்தச்சர், மரத்தச்சர், கண்ணாடி வேலை செய்வோர் எனக் கைவினைஞர்களால் நகரம் நிறைந்திருந்தது. (அந்த ஆலயத்தின் 161.5 மீட்டர் உயரக் கோபுரம் 1890இல்தான் முடிந்தது. நெடுங்காலம் உலகின் மிக உயரமான ஆலயக் கோபுரமாக அது விளங்கியது.) கண்ணாடி வேலையை யாக்கோபு இந்தச் சூழலில்தான் கற்றார் என்பது மரபு.

படைவீரர், பணியாளர், துறவி

25ஆம் வயதில் யாக்கோபு வீட்டை விட்டுப் புறப்பட்டு ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து இத்தாலிக்கு வந்தார். தெற்கே நேப்பிள்ஸ் பகுதியில் படைவீரராகச் சேர்ந்தார். ஆனால் படையினரின் ஒழுக்கக்கேடான வாழ்க்கை அவருக்கு வெறுப்பூட்டியது. அதை விட்டு விலகிக் கப்புவா நகரில் ஒரு வழக்கறிஞரிடம் பணிக்கு அமர்ந்தார். அவருடைய நேர்மையைக் கண்ட வழக்கறிஞர் அவரை விட்டுவிட மனமில்லாமல் இருந்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. இறுதியில் ஊர் திரும்பும் எண்ணத்தோடு வடக்கே நடந்தவர், வழியில் பொலோஞ்ஞாவில் மீண்டும் படையில் சேர்ந்தார்.

பொலோஞ்ஞாவில்தான் புனித தொமினிக் 1221இல் இறந்தார். அவருடைய கல்லறை அந்நகரின் தொமினிக்கன் ஆலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக்கு அடிக்கடி சென்று செபித்த யாக்கோபின் உள்ளத்தில் அழைத்தல் பிறந்தது. 1441ஆம் ஆண்டு, தம் 34ஆம் வயதில், அதே துறவு மடத்தில் சகோதரராக இணைந்தார். குருத்துவத்தை அவர் நாடவில்லை. சமையல், வாயில் காவல், தோட்டம், பிச்சை எடுத்தல் போன்ற பணிகளைச் செய்யும் சகோதரர்களுள் ஒருவராகவே கடைசி வரை இருந்தார்.

சொந்த ஊருக்கு அவர் திரும்பவேயில்லை. அடுத்த 50 ஆண்டுகள் அந்த ஒரே மடம்தான் அவருக்கு வீடு. அவருக்குக் கண்ணாடி வேலை தெரியும் என்பதை அறிந்த மடத்துத் தலைவர்கள் அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். மடத்திற்குள் ஒரு பட்டறை உருவானது. இளம் சகோதரர்கள் அங்கே தொழில் பழகினார்கள். அவர்களுள் முதன்மையானவர் சொஞ்சினோ ஊரைச் சேர்ந்த சகோதரர் அம்புரோஜினோ. இவரே பின்னர் தம் ஆசானின் வாழ்க்கையை எழுதி வைத்தவர்.

யாக்கோபின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் படைப்புகளுள் முக்கியமானது, பொலோஞ்ஞா நகரின் புனித பெத்ரோனியுஸ் பேராலயத்தில் உள்ள திருச்சிலுவைச் சிற்றாலயச் சன்னல். நகரின் பத்திரப் பதிவாளர்களது சங்கத்திற்கு உரிய சிற்றாலயம் அது. 1460களில் அந்தச் சன்னல் உருவானது.

ஒரு சன்னல் எப்படி உருவாகிறது?

யாக்கோபின் வாழ்வில் சொல்லப்படும் புகழ்பெற்ற நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள, அவர் செய்த வேலையை நாம் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் தெயோபிலுஸ் என்ற துறவி எழுதிய கைவினை நூலில் இந்த முறை விளக்கமாக உள்ளது. அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை.

முதலில் கண்ணாடி. ஆற்று மணல் ஒரு பங்கு, மரச்சாம்பல் இரண்டு பங்கு என்று தெயோபிலுஸ் சொல்கிறார். இதை உலையில் உருக்கும்போதே உலோகப் பொருள்களைச் சேர்த்தால் கண்ணாடி முழுவதும் நிறம் பெறும். கோபால்ட் நீலம் தரும். செம்பு பச்சையும் சிவப்பும் தரும். மாங்கனீசு ஊதா தரும். சிவப்புக் கண்ணாடி தடிமனாக இருந்தால் ஒளி ஊடுருவாமல் கறுத்துவிடும். எனவே வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலமாக அதைச் செய்வார்கள்.

இரண்டாவது வரைவு. சுண்ணாம்பு பூசிய பெரிய மேசைப் பலகையில் முழு அளவில் படத்தை வரைந்து, எந்தத் துண்டு என்ன நிறம் என்று குறித்துக்கொள்வார்கள். அதன்மேல் கண்ணாடியை வைத்துப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வெட்டி, ஓரங்களைச் சிறு கருவியால் கொறித்துச் சரிசெய்வார்கள்.

மூன்றாவது தீட்டுதல். முகம், கை விரல், ஆடை மடிப்பு ஆகிய கோடுகள் நிறக் கண்ணாடியில் இல்லை. அவற்றைக் கறுப்புச் சாயத்தால் கையால் வரைய வேண்டும். கண்ணாடித் தூளும் இரும்பு அல்லது செம்புத் தூளும் பிசினோடு கலந்த சாயம் அது.

நான்காவது சூளை. இதுவே ஆபத்தான கட்டம். சாயம் தீட்டிய துண்டுகளைச் சூளையில் அடுக்கி ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்திற்குச் சூடேற்ற வேண்டும். சூடு குறைந்தால் சாயம் ஒட்டாது, பின்னாளில் உதிர்ந்துவிடும். சூடு மிகுந்தால் கோடுகள் மறையும், கண்ணாடியே வளையும். சூடு சரியாக இருந்து, விரைவாகக் குளிர்ந்தாலும் கண்ணாடி வெடிக்கும். வெப்பமானி இல்லாத காலம் அது. தீயின் நிறத்தைக் கண்ணால் பார்த்து விறகு தள்ள வேண்டும், நிறுத்த வேண்டும். சூளையை விட்டு ஒருவர் நகர்ந்தால் பல வார உழைப்பு சில மணி நேரத்தில் போய்விடும்.

கடைசியாக, துண்டுகளை இருபுறமும் பள்ளம் உள்ள ஈயப் பட்டைகளில் கோத்து, மூட்டுகளைப் பற்றவைத்து, இடைவெளிகளில் மக்கு பூசி, இரும்புக் கம்பிகளின் துணையோடு சன்னலில் நிறுத்துவார்கள்.

சூளையில் விட்டுச் சென்ற கண்ணாடி

இப்போது அந்த நிகழ்ச்சிக்கு வருவோம். ஒருநாள் யாக்கோபு ஒரு முக்கியமான சன்னலுக்குரிய கண்ணாடிகளைச் சூளையில் வைத்துத் தீ மூட்டிக் காத்திருந்தார். அந்த நேரத்தில் மடத்துத் தலைவரிடமிருந்து கட்டளை வந்தது: நகருக்குள் போய்ச் சகோதரர்களுக்காகப் பிச்சை எடுத்து வர வேண்டும். யாக்கோபு மறுவார்த்தை பேசவில்லை. சூளையைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பல மணி நேரம் கழித்துத் திரும்பியபோது எல்லாம் சாம்பலாகியிருக்கும் என்றே எண்ணினார். சூளையைத் திறந்தால் கண்ணாடிகள் முன் எப்போதும் இல்லாத அழகோடு பதமாகச் சுடப்பட்டிருந்தன. மரபு இப்படிச் சொல்கிறது.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. மடத்திற்கு வந்திருந்த ஒரு திருச்சபைப் பெரியவரிடம் யாக்கோபின் கீழ்ப்படிதலைப் பற்றித் தலைவர் பெருமையாகப் பேசினார். அதைக் காட்டுவதற்காக யாக்கோபை அழைத்து, ஒரு கடிதத்தைப் பாரீஸ் நகருக்குக் கொண்டு போகச் சொன்னார். பல நூறு மைல் நடைப் பயணம், வழியெல்லாம் ஆபத்து. யாக்கோபு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அறைக்குப் போய்க் கைத்தடியையும் தொப்பியையும் எடுத்து வர அனுமதி.

அன்பர்களே, இந்த நிகழ்ச்சிகளைக் கேட்கும்போது இன்றைய மனிதருக்கு ஒரு கேள்வி எழும். எழுவது நியாயமே. பாதி வேலையை விட்டுவிட்டு ஓடச் சொல்வது சரியான கட்டளையா? நல்ல தலைவர் அப்படிச் சொல்லலாமா? ஒருவருடைய பல வார உழைப்பை அறியாமல் கட்டளையிடுவது பெருமைக்குரியதா?

இதற்கு இரண்டு பதில்கள் சொல்லலாம். முதலாவது, தொமினிக்கன் சபை யாசித்து உண்ணும் சபையாகத் தொடங்கியது. பிச்சைக்குப் போகும் சகோதரர் கொண்டு வருவதே பலரின் அன்றைய உணவு. ஆகவே யாக்கோபுக்கு வந்த அழைப்பு வெறும் அதிகாரத்தின் குரல் மட்டுமல்ல. பசித்திருக்கும் சகோதரர்களின் குரலும் அதில் இருந்தது. தம் கையில் உருவாகும் அழகா, தம் சகோதரர் வாயில் சேரும் அப்பமா என்று வந்தபோது அவர் அப்பத்தைத் தேர்ந்தார். கலையை அவர் அற்பமாக எண்ணவில்லை. அதைக் கடவுளிடம் விட்டுச் செல்லும் அளவுக்குத் தம் கையிலிருந்து விடுவித்திருந்தார்.

இரண்டாவது, இந்த வரலாறு புகழ்வது யாக்கோபை, கட்டளையிட்டவரை அல்ல. தலைவரின் பெயர்கூட மக்கள் நினைவில் நிற்கவில்லை. பிறர் உழைப்பை மதிக்காமல் ஏவுவதற்கு இந்த நிகழ்ச்சியை யாரும் ஆதாரமாகக் காட்ட முடியாது. கீழ்ப்படிதல் யாக்கோபு விரும்பிக் கொடுத்த காணிக்கை. பிறரிடமிருந்து பறிக்கும் வரி அல்ல அது.

வெள்ளிப் பொத்தான்

கண்ணாடிக்கு மஞ்சள் நிறம் ஏற்றும் முறையை யாக்கோபுதான் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை நிலவுகிறது. அவருடைய உடையிலிருந்த வெள்ளிப் பொத்தான் ஒன்று சூளைக் கண்ணாடியின் மேல் விழுந்து, அந்த இடம் பொன்னிறமாக மாறியதாம். கதை இனிமையானது. ஆனால் வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டு மஞ்சள் நிறம் பெறும் முறை, யாக்கோபு பிறப்பதற்கு ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சிலும் இங்கிலாந்திலும் வழக்கில் இருந்தது. எனவே கண்டுபிடித்தவர் அவரல்ல. அந்த முறையைத் திறம்படக் கையாண்டவர் என்ற புகழே கதையாக மாறியிருக்க வேண்டும்.

முறை என்னவோ வியப்பானதுதான். மற்றச் சாயங்கள் கண்ணாடியின் மேல் ஒட்டி நிற்கும். வெள்ளி மட்டும் கண்ணாடிக்குள்ளேயே இறங்கி நிறம் தரும். இளமஞ்சள் முதல் தேன் நிறம் வரை வரும். புனிதர்களின் தலையைச் சுற்றிய ஒளிவட்டம், வானதூதரின் கூந்தல், அரசரின் மணிமுடி ஆகியவற்றை வெள்ளைக் கண்ணாடியிலேயே ஈயக் கோடு இல்லாமல் பொன்னிறமாக்க இதனால் முடிந்தது.

இறப்பும் அருளாளர் நிலையும்

1491 அக்டோபர் 11ஆம் நாள் யாக்கோபு தம் 84ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நகர மக்கள் அவரைப் புனிதராகவே போற்றினர். திருத்தந்தை பன்னிரண்டாம் சிங்கராயர் (லியோ) 1825இல் அவருக்கு அருளாளர் வணக்கத்தை உறுதி செய்தார். அவருடைய உடல் பொலோஞ்ஞாவின் தொமினிக்கன் ஆலயத்திலேயே, அவர் நாள்தோறும் செபித்த புனித தொமினிக்கின் கல்லறை இருக்கும் அதே ஆலயத்தில், வைக்கப்பட்டுள்ளது.

இங்கே ஒரு செய்தி. யாக்கோபு இறந்து 3 ஆண்டுகள் கழித்து, 1494இல், 19 வயது இளைஞர் ஒருவர் பொலோஞ்ஞாவுக்கு வந்து புனித தொமினிக்கின் கல்லறைக்குச் சிறு சிலைகள் செதுக்கினார். அவர்தான் மைக்கேல் ஆஞ்சலோ. உலகமே அறிந்த கலைஞரின் சிலையும், உலகம் அறியாத சகோதரரின் உடலும் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

நம் நாட்டு ஆலயங்களில்

வண்ணக் கண்ணாடி நம் நாட்டுக்குப் பெருமளவில் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். நமக்கு மிக அருகில் இருப்பது சென்னை சாந்தோம் பேராலயம். மணவூரில் மின்சார ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால் சிறிது தூரம்தான். ஆயர் ஹென்ரிக் ரீட் தா சில்வா காலத்தில் பழைய ஆலயம் அகற்றப்பட்டு, இன்றைய கோத்திக் பாணி ஆலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் முதன்மையான வண்ணக் கண்ணாடிச் சன்னல் புனித தோமாவின் வரலாற்றைச் சொல்கிறது. உயிர்த்த ஆண்டவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்னவர், தொடுவதற்கு அழைக்கப்பட்டபோது ஆண்டவரே கடவுள் என அறிக்கையிட்டார். யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தின் அந்தக் காட்சியை, தோமா அடக்கம் செய்யப்பட்டதாக நாம் போற்றும் இடத்திலேயே ஒளியில் காண்பது நமக்குக் கிடைத்த பேறு.

அந்தச் சன்னலைச் செய்தது ஜெர்மனியின் மியூனிக் நகர மேயர் நிறுவனம். யோசேப்பு கபிரியேல் மேயர் 1847இல் கிறிஸ்தவக் கலைகளுக்காகத் தொடங்கிய கூடம் அது. பெரிய கண்ணாடித் துண்டுகளில் எண்ணெய் ஓவியம் போல் நுணுக்கமாகத் தீட்டுவது அவர்கள் பாணி. யாக்கோபு பிறந்த அதே ஜெர்மன் மண்ணின் கைத்திறன் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

புதுச்சேரி இயேசுவின் திருஇருதய ஆலயமும் (1907இல் அர்ச்சிக்கப்பட்டு, 2011இல் பசிலிக்கா நிலை பெற்றது) புனிதர்களின் உருவம் தாங்கிய கண்ணாடிகளுக்குப் பெயர் பெற்றது. மைசூர் புனித பிலோமினா பேராலயத்தில் ஆண்டவரின் பிறப்பு முதல் விண்ணேற்பு வரையிலான காட்சிகள் உள்ளன. தெலங்கானாவின் மேதக் நகரில் தென்னிந்தியத் திருச்சபையின் பேராலயத்தில் பிறப்பு, சிலுவை மரணம், விண்ணேற்பு ஆகிய மூன்று சன்னல்கள் உள்ளன. ஆங்கிலேய ஓவியர் பிராங்க் சாலிஸ்பரியின் படைப்பு அவை. அரச குடும்பத்தாரை வரைந்து புகழ்பெற்ற அவர், இளமையில் தம் அண்ணனின் கண்ணாடிப் பட்டறையில் தொழில் பழகியவர்.

காப்பது நம் கடமை

கண்ணாடி பல நூற்றாண்டு தாங்கும். அதைக் கோத்திருக்கும் ஈயம் அப்படியல்ல. ஏறக்குறைய 100 ஆண்டுகளில் ஈயம் தளர்ந்து சன்னல் வயிறு பிதுங்கியதுபோல் வளையத் தொடங்கும். நம் நாட்டின் பழைய சன்னல்கள் பல அந்த வயதைக் கடந்துவிட்டன. கடற்கரை ஆலயங்களில் உப்புக் காற்றால் இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து வீங்கிக் கண்ணாடியை நெரிக்கின்றன. பங்கு மக்கள் சில எளிய விதிகளை மனத்தில் வைக்கலாம்.

1. திருவிழாவுக்குச் சுத்தம் செய்யும்போது ஆசிட், சோப்புத் தூள், சுரண்டும் நார் ஆகியவை கூடாது. தீட்டிய முகங்கள் அழிந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

2. வளைந்த பகுதியைக் கையால் தள்ளி நேராக்க முயல வேண்டாம். உடைந்த துண்டு விழுந்தால் குப்பையில் போடாமல் எடுத்து வைக்க வேண்டும். அதே துண்டை மீண்டும் பொருத்த முடியும்.

3. சன்னல்களை நல்ல நிழற்படம் எடுத்துப் பங்கு அலுவலகத்தில் வைக்க வேண்டும். உடைந்தபின் பழையபடி செய்ய அதுவே ஆதாரம்.

4. பழுது பெரிதானால், கண்ணாடிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும். ஈயம் நச்சுப் பொருள். வேலை செய்பவரின் உடல்நலத்தையும் எண்ண வேண்டும்.

சிற்றூர்ப் பங்குகள் பலவற்றில் இருப்பது சிமெண்ட் ஜாலியும் சாதாரணக் கண்ணாடியும்தான். அதில் வண்ணப் படத்தாள் ஒட்டி அழகு பார்க்கும் ஏழை மக்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உண்மையான பழைய சன்னல் இருக்கும் ஆலயத்தில், 'ஆலயப் புதுப்பித்தல்' என்று அதைப் பிடுங்கிவிட்டு அலுமினியச் சன்னல் வைப்பது மீட்க முடியாத இழப்பு. முன்னோர் கொடுத்த மறைக்கல்வி நூலைக் கிழித்துப் போடுவதற்கு அது சமம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுவரில் உள்ள படத்தைப் பார்த்தாவது மறையுண்மைகளை அறியட்டும் என்று திருத்தந்தை பெரிய கிரகோரியார் கி.பி. 600 அளவிலேயே மார்செய் நகர ஆயருக்கு எழுதியதை நாம் மறக்கலாகாது.

யாக்கோபு நமக்குச் சொல்வது

விடுதலைப் பயண நூல் 31ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பெட்சலேல் என்ற கைவினைஞரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்வதற்காகவே அவரை இறை ஆவியால் நிரப்புகிறார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999 உயிர்ப்பு ஞாயிறன்று கலைஞர்களுக்கென்றே ஒரு மடல் வரைந்தார். கைத்தொழிலும் அழைத்தல்தான் என்பது திருச்சபையின் பழைய நம்பிக்கை. யாக்கோபு மறையுரை ஆற்றும் சபையில் சேர்ந்தார். ஆனால் ஒருமுறையும் மறையுரை மேடை ஏறவில்லை. அவருடைய மறையுரையைக் கதிரவன் நாள்தோறும் காலையில் எடுத்துச் சொல்கிறது.

ஒன்றை மட்டும் மறவாமல் சொல்ல வேண்டும். யாக்கோபு கூலி வாங்காத துறவி. அவருக்கு மடம் சோறிட்டது. நம் ஆலயங்களில் வேலை செய்யும் கொத்தனார், தச்சர், பெயிண்டர், எலக்ட்ரீசியன் துறவிகள் அல்லர். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். 'கோவில் வேலைதானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் மனமுவந்து குறைத்தால் அது காணிக்கை. நாம் வற்புறுத்திக் குறைத்தால் அது அநீதி. நன்கொடையாளர் பெயரைப் பளிங்குக் கல்லில் பொறிக்கும் நாம், அர்ச்சிப்பு நாளில் வேலை செய்தவர்களையும் பீடத்தின் முன் அழைத்து நன்றி சொன்னால் என்ன?

சிந்தனைக்கு:

என் வேலையின் வெற்றியை என் கையிலிருந்து விடுவித்துக் கடவுளிடம் ஒப்படைக்க என்னால் முடிகிறதா?

பிறருக்குக் கட்டளையிடும்போது அவர்கள் 'சூளையில்' என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேனா?

என் பங்கு ஆலயத்தில் எனக்காக உழைத்த, பெயர் தெரியாத ஒருவருக்காக இன்று செபித்தேனா?

செபம்:

ஒளியின் ஊற்றான இறைவா, மணலையும் சாம்பலையும் தீயையும் கொண்டு உம் மாட்சியைக் காட்ட உம் அடியார் யாக்கோபுக்குக் கற்றுக்கொடுத்தீர். எங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதியும். மண்ணான எங்கள் வாழ்வின் வழியாகவும் உமது ஒளி பிறருக்குச் சென்று சேரச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.